கெடு விதித்தால் வாசிப்பு வருமா?

மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் இயங்குகின்றன. தாராவிக் குழந்தை வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசுகிறது. எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறது; பாடநூற்சொல்லின் பொருள்தான் எட்டுவதில்லை. இட்லிக் கடையிலும் தோல் பட்டறையிலும் அது கற்ற சொற்களிலிருந்து பாடத்திற்குப் பாதை அமைப்பது எப்படி? ஆசிரியர்கள் தத்தம் வகுப்பறை அனுபவங்களைக் கூடிப் பேசித்தான் கண்டறிய முடியும். அதற்கு நேரமேது? கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்விசாராப் பணி கூடாதென்று கூறிவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் தேர்தலுக்கும் விலக்களிக்கிறது. ஒன்றிய அரசோ 2021இல் ‘நிபுண் பாரத்’ தொடங்கி, 2026-27க்குள் மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் வாசித்தாக வேண்டுமெனக் கெடு விதித்தது. கெடு ஆட்சியாளருடையது, பழி மட்டும் ஆசிரியருக்கா? வாரம் ஒரு பிற்பகலைப் பணிநேரத்திலேயே ஆசிரியர்களின் கூட்டாய்வுக்கு ஒதுக்குக!