செயினுக்கு எண்ணெயா, மெழுகா?

சைக்கிள் செயின் சத்தம் போடாதவரை அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஒருநாள் ‘கிரீச்’ என்று முனக ஆரம்பித்ததும் வீட்டில் கைக்கு எட்டுகிற எண்ணெய் எதுவோ, அது செயினுக்கு அபிஷேகமாகிறது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், ஒன்றுமில்லையென்றால் பக்கத்து மோட்டார் மெக்கானிக்கிடம் ஓசியில் வாங்கிய கறுப்பு ஆயில். சத்தம் நின்றுவிடுகிறது. நாமும் மறந்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து, சாலையைக் கடக்கும் அவசரத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பல் தாவிக் கழன்று, முழங்கால் தரையைத் தொடும்போதுதான் மறுபடி ஞாபகம் வருகிறது.

எலும்பு முறிவுக்குப் பேர்போன ‘புத்தூர் கட்டு’ தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். சென்னைத் தெருக்களில்கூட அந்தப் பெயரில் பலகைகள் தொங்குகின்றன. அந்தப் புத்தூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகும் வழியில், சில கிலோமீட்டரிலேயே வருகிறது நாராயணவனம். ஆகாசராஜன் மகள் பத்மாவதிக்கும் வேங்கடவனுக்கும் திருமணம் நடந்த தலம் என்பார்கள். கல்யாண வேங்கடேசுவரர் கோயிலும் சொரக்காய் சுவாமியின் சமாதியும் அங்கேதான். சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குகிற எல்லைப்புறம். நெசவு நடக்கிற பிரதேசம். அருணா நதி என்கிற ஆரணியாறு ஊரை ஒட்டிப் போகிறது. வருடத்தில் பாதி நாள் அதில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம்.

இத்தனையும் சொல்லக் காரணம் இருக்கிறது. செயினுக்கு எது சரி என்பதை எண்ணெய்ப் புட்டியின் லேபிள் தீர்மானிப்பதில்லை, ஊர்தான் தீர்மானிக்கிறது. ஆற்று மணல், தறிப் பஞ்சு, சித்திரை வெயில், ஐப்பசி கார்த்திகை மழை – செயினுக்கு எதிரிகள் என்று ஒரு பட்டியல் போட்டால் இந்த நாலும் அதில் இருக்கும். நாராயணவனம் மாதிரி ஊரில் நாலும் ஒரே வருடத்தில் முறைவைத்து வருகின்றன. உங்கள் ஊர் எதுவானாலும் இவற்றில் இரண்டாவது நிச்சயம் இருக்கும்.

முதலில் செயினைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இன்று நாம் ஓட்டும் செயினின் மூதாதை 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் காப்புரிமை பெற்றது. ஒரு கண்ணியில் வெளித்தகடு இரண்டு, உள்தகடு இரண்டு, நடுவே ஒரு பின், பின்னைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷுக்கு மேலே சுழலும் ஒரு ரோலர். பின்னுக்குப் பின் இடைவெளி சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ரைட் சகோதரர்கள் 1903-ல் பறந்த விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியதும் செயின்தான். அதைக் கொடுத்தது அமெரிக்காவின் டயமண்ட் செயின் கம்பெனி. அதே கம்பெனியின் கூட்டுறவோடுதான் 1960-ல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. டயமண்ட் செயின் தொழிற்சாலை வந்தது. நம் ஊர் சைக்கிள் செயினுக்கும் ஆகாய விமானத்துக்கும் தூரத்து உறவு உண்டு.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று சைக்கிள் கடையில் சொல்வார்கள். எஃகுத் தகடு ரப்பர் மாதிரி நீளுவதில்லை. நடப்பது வேறு. பின்னும் புஷ்ஷும் உரசுகிற இடத்தில் தேய்மானம் ஏற்படுகிறது. ஒரு கண்ணியில் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் கனம் தேய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் சாதாரண சைக்கிளில் ஏறக்குறைய 112 கண்ணிகள். எல்லாம் சேர்ந்து 11 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழுக் கண்ணியின் நீளம் தொங்க ஆரம்பித்துவிடும். செயினின் அரை அங்குலமும் பல்சக்கரத்தின் அரை அங்குலமும் இனிமேல் ஒத்துப்போகாது. செயின் பற்களைச் சுறா மீனின் துடுப்பு போலச் சாய்த்துத் தேய்க்கும். பிறகு புதுச் செயின் மட்டும் போட்டால் போதாது. ஃப்ரீவீல், செயின் வீல் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். தினம் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலியோடு முடிகிற சமாசாரம் இல்லை.

தேய்ப்பது எது? உலோகமும் உலோகமும் உரசுவதைவிட, நடுவே புகுந்துகொண்ட மணல்தான் பெரிய குற்றவாளி. எண்ணெயோடு மணல் சேர்ந்தால் அது எண்ணெய் இல்லை. சாணை பிடிக்கும் பசை. 1999-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் சைக்கிள் செயினை ஆய்வுக்கூடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். மிதிக்கிற சக்தியில் 98.6 சதவீதம்வரை பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால், சுத்தமான அந்த அறைக்குள் எந்த எண்ணெய் போட்டார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எண்ணெயின் முக்கியமான வேலை இடத்தை அடைத்துக்கொண்டு அழுக்கு உள்ளே வராமல் தடுப்பதுதான் என்கிற முடிவுக்கு வந்தார்கள். பிற்பாடு வந்த நுட்பமான சோதனைகளில் எண்ணெய்க்கு எண்ணெய் சில வாட் வித்தியாசம் தெரிந்தது. மெழுகு முன்னணியில் நின்றது. பந்தயக்காரர்களுக்கு அந்தச் சில வாட் முக்கியம். நமக்கு முக்கியம், செயின் எத்தனை வருடம் உழைக்கும் என்பதே.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘எது வழவழப்பு?’ என்பதல்ல. ‘எது உள்ளே நிற்கும், வெளியே ஒட்டாது?’ என்பதுதான். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வழக்கமான ஆசாமிகளை ஒவ்வொருவராக விசாரிக்கலாம்.

கறுப்பு ஆயில்: வேண்டவே வேண்டாம். எஞ்சினுக்குள் தேய்ந்த உலோகத்தூளும் கரியும் அதிலேயே மிதக்கின்றன. மணலைத் தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. தோலில் அடிக்கடி படுவதும் நல்லதல்ல. பழைய எஞ்சின் எண்ணெயில் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்கள் சேருகின்றன.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய்: காற்றுப் பட்டுப் பட்டு இவை பிசினாகும். அடுப்படியில் எண்ணெய்ப் புட்டியின் வாய் எப்படிப் பிசுபிசுக்கிறதோ, அதே கதி செயினுக்கும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது. ஆனால் மெல்லியது, மார்கழியில் உறைந்துகொள்ளும். விளக்கெண்ணெய் கெட்டியானது, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். வைக்கோல் கரியோடு குழைத்து மாட்டு வண்டி அச்சுக்கு மசகாகப் போட்டது அதைத்தான். முதல் உலகப் போரில் விமான எஞ்சின்களுக்கும் அதைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரிலேயே ஆமணக்கின் ஆங்கிலப் பெயர் ஒளிந்திருக்கிறது. ஆனால் திறந்த செயினில் அது தூசியை வரவேற்று உட்காரவைக்கும்.

கிரீஸ்: ஹப்புக்கும் கிராங்க்குக்கும் உரியது. செயினில் தடவினால் வெளியே அப்பிக்கொள்ளும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தலைமுடி கனத்துக்கு இருக்கும் சந்தில் தானாக நுழையாது.

டபிள்யூ.டி.40: 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நீரை விரட்டுவதற்காக நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை, பெயர்க் காரணமும் அதுவே. துருவை இளக்க, அழுக்கைக் கழுவ உத்தமம். ஆனால் பெரும்பகுதி ஆவியாகிப் போய் மிச்சம் நிற்பது மெல்லிய படலம். அதை மட்டும் நம்பிச் செயினை விடக்கூடாது.

தையல் மெஷின் எண்ணெய்: சந்துக்குள் நன்றாக இறங்கும், சீக்கிரம் வடிந்தும் போகும். வாரம் ஒருமுறை விடத் தயாரென்றால் சரி.

புதிய எஞ்சின் ஆயில், 30 அல்லது 40 நம்பர்: நம் சாதாரண சைக்கிளுக்கு இதுவே போதும். ஸ்கூட்டருக்கு ஊற்றிய டப்பாவின் அடியில் மிஞ்சிய நாலு ஸ்பூன் ஒரு வருடத்துக்கு வரும். அடைமழைக் காலத்தில் இன்னும் கெட்டியான 90 நம்பர் கியர் ஆயில் கழுவிக்கொண்டு போகாமல் நிற்கும்.

போடுகிற முறைதான் பாதி வைத்தியம். முதலில் பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கம் சுற்றித் துடையுங்கள். பிறகு எண்ணெய்க் குப்பியால் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரே ஒரு சொட்டு, செயினின் உட்புறத்தில். ஒரு முழுச் சுற்று. பிறகு ஐந்து நிமிடம் பெடலைச் சுற்றி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் உலர்ந்த துணியால் வெளிப்புறம் முழுவதையும் துடைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் செய்வதில்லை. பளபளவென்று எண்ணெய் வழியும் செயின் நன்றாகப் பராமரிக்கப்பட்ட செயின் இல்லை. தொட்டால் விரலில் லேசாகத்தான் ஒட்ட வேண்டும். எண்ணெய் இருக்க வேண்டிய இடம் உள்ளே.

இனி மெழுகு. வெயில் காலத்தில், மணலும் பஞ்சும் பறக்கிற ஊரில் இதற்கு இணை கிடையாது. திரவமாக உள்ளே போய், திடமாகி உட்கார்ந்துகொள்கிறது. தூசிக்கு ஒட்டிக்கொள்ள ஈரமே இல்லை. லுங்கி, புடவை, பாவாடை எதிலும் கறை படியாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முயற்சியில் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். சைக்கிளில் ஏறிய பெண்ணுக்கு அடுத்தவரை எதிர்பார்க்காமல் போகும் வழி திறந்தது. செயினுக்கு மட்டும் அண்ணனையோ கணவனையோ எதிர்பார்ப்பானேன்? மெழுகு போடுவது அடுப்படியிலேயே முடிகிற வேலை.

செயின் லாக்கைக் கழற்றி, செயினை மண்ணெண்ணெயில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். புதுச் செயினானாலும் கம்பெனி கிரீஸ் முழுக்கப் போக வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் மெழுகு பிடிக்காது. பிறகு சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் கழுவி, உடனே துடைத்து, வெயிலில் ஈரமும் மண்ணெண்ணெய் வாடையும் அறவே போகும்வரை காயவையுங்கள். வாசனையும் சாயமும் இல்லாத வெள்ளை மெழுகுவர்த்திகளைத் திரி நீக்கி ஒரு பழைய டின்னில் போட்டு, அந்த டின்னைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். பாரஃபின் மெழுகு 60 டிகிரியை ஒட்டி உருகிவிடும். கொதிநீரின் சூடே தாராளம். நேரடித் தீயில் வைக்காதீர்கள். சூடு மீறினால் புகைந்து பற்றிக்கொள்ளும். செயினை ஒரு கம்பியில் கோத்து உருகிய மெழுகில் இறக்கிப் பத்து நிமிடம் விட்டு விட்டு அசைத்தால் உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளிவரும். குமிழி நின்றதும் தூக்கித் தொங்கவிட வேண்டியதுதான். ஆறியதும் கம்பிபோல விறைத்து நிற்கும். பயப்பட வேண்டாம், ஒவ்வொரு கண்ணியாக வளைத்து விட்டால் இளகிவிடும். மாட்டும்போது ஒரு எச்சரிக்கை: லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஓடும்போதே கழன்று விழ வாய்ப்புண்டு.

உலர்ந்த சாலையில் இது சுமார் 300 கிலோமீட்டர் தாங்கும். தினம் 10 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு மாதம். அடுத்த முறை மண்ணெண்ணெய் தேவையில்லை. வெந்நீரில் அலசிக் காயவைத்து மறுபடி முக்கினால் போதும். பலவீனமும் ஒன்று உண்டு: மழை. நனைந்தால் மெழுகு சீக்கிரம் விட்டுவிடும், அடுத்த நாளே துரு பூக்கும். ஐப்பசி பிறந்ததும் எண்ணெய்க்கு மாறுங்கள். தை பிறந்ததும் கழுவி மெழுகுக்குத் திரும்புங்கள். பல நூறு ரூபாய்க்குச் சின்னப் புட்டியில் வரும் வெளிநாட்டு எண்ணெய்கள் நல்லவைதான்; ஆனால் வெளிப்புறத்தைத் துடைக்கும் வேலையிலிருந்து அவையும் விடுதலை தருவதில்லை.

முழுச் செயின் கவர் உள்ள பழைய சைக்கிள் உங்களிடம் இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். இங்கிலாந்தின் சன்பீம் கம்பெனி ஒரு காலத்தில் மூடிய கவருக்குள் செயினை எண்ணெயிலேயே ஓடவிட்டது. தூசியும் மழையும் எட்டாததால் அவை பல்லாண்டு உழைத்தன. இன்றைய கியர் சைக்கிள்களில் கவர் கிடையாது. அந்தப் பொறுப்பு ஓட்டுகிறவர் தலையில்.

கடைசியாக ஒரு சோதனை. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்துச் செயினின் ஒரு பின்னின் மையத்தில் பூஜ்யத்தை வையுங்கள். 24 கண்ணிகள் தள்ளி இருக்கும் பின்னின் மையம் சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். கோட்டைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் புதுச் செயினுக்குப் பணம் எடுத்துவைக்க ஆரம்பியுங்கள். எட்டில் ஒரு பங்கு என்றால் இனி ஓட்டாதீர்கள், இன்றைக்கே மாற்றுங்கள். அரை நிமிட வேலை. புத்தூர் கட்டைவிட மலிவு, வலியும் இல்லை.