சூறாவளியின் கண்: வன்னி கவனிக்க வேண்டியது புள்ளியை மட்டுமல்ல

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானதும் வன்னியில் எழும் முதற்கேள்வி, 'எங்கே கரையைக் கடக்கும்?' என்பதுதான். கைப்பேசிகளில் பகிரப்படும் வரைபடங்களும் ஒரு புள்ளியையும் ஒரு கோட்டையுமே காட்டுகின்றன. அந்தப் புள்ளி சூறாவளியின் மையம். ஆனால் ஆபத்து பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கிறது.

வலுவான சூறாவளியின் நடுவே காற்றமுக்கம் மிகக் குறைவு. அங்கே மேலிருந்து இறங்கும் காற்று வெப்பமடைவதால் முகில்கள் கலைகின்றன. பெரும்பாலும் 30 முதல் 65 கிலோமீற்றர் வரை விட்டமுள்ள இந்த அமைதியான வட்டமே கண். அதைச் சுற்றி மதில்போல் எழும் முகில் வளையத்தில்தான் மிகக் கடுமையான காற்றும் மழையும் உண்டு. அதற்கு வெளியே மழைமுகில் பட்டைகள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்குச் சுருண்டு நீள்கின்றன.

கண் ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென ஓயும். கிழக்கிலிருந்து மேற்கே நகரும் சூறாவளியில், முதலில் வடக்கிலிருந்து வீசிய காற்று, ஓய்வுக்குப் பின் தெற்கிலிருந்து வீசும். ஏற்கெனவே தளர்ந்துபோன மரமும் கூரையும் இந்த இரண்டாவது அடியில்தான் விழும். ஷெல்லடி ஓய்ந்த இடைவெளியை நம்பிப் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்ட மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1964 டிசெம்பர் 22 அன்று வவுனியாப் பகுதியூடாகச் சென்ற சூறாவளி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 2020 டிசெம்பர் 2 இரவு முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறிய புரெவி அவ்வளவு வலுவானதல்ல. அத்தகைய சூறாவளிகளில் கண் தெளிவாக உருவாவதில்லை. ஆனால் வன்னியைக் கடந்த புரெவி மன்னார் வளைகுடாவில் நகராமல் தங்கியபோது, மையத்துக்கு வடகிழக்கே இருந்த யாழ்ப்பாணம் பெருமழையில் மூழ்கியது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா நாடு முழுவதும் 600இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. காற்றைவிட வெள்ளமும் மண்சரிவுமே அதற்குக் காரணம். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த மழை, சூறாவளி என்ற பெயர்கூட இல்லாமல் வந்தது.

ஆகவே, மையம் எங்கே என்று கேட்பதோடு நிறுத்திவிட முடியாது. அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது? நாம் அதன் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம்? இரணைமடுவில் நீர்மட்டம் என்ன, வான்கதவுகள் எப்போது திறக்கப்படும்? வளிமண்டலவியல் திணைக்களமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இவற்றுக்கான விடைகளைத் தமிழில், உரிய நேரத்தில், கிராம அலுவலர் வரை கொண்டுசேர்க்க வேண்டும். பலமுறை இடம்பெயர்ந்து, மீளக்குடியேறி, இன்னமும் தகரக் கூரையின் கீழ் வாழும் குடும்பங்களுக்கு, 'மையம் விலகிச் செல்கிறது' என்ற ஒற்றை வரி பாதுகாப்பாகாது.