பொங்கல் அழைப்பும் ஏர்போர்ட்ல நின்ன பையனும்

இன்னைக்கு ஒரு புலம்பல்.

எங்க யூனிவர்சிட்டி தமிழ் மாணவர் சங்கத்தோட மெயிலிங் லிஸ்ட்டுக்கு நான்தான் பொறுப்பு (வேற யாரும் கை தூக்கல). மொத்தம் 1600 முகவரி. போன ஜனவரியில ஒரு நாள் மத்தியானம் 3 மணிக்கு பொங்கல் விழா அழைப்பை ஒரேயடியா தட்டி விட்டேன். அரை மணி கழிச்சு இன்னொரு மடல், ரெண்டே பேருக்கு. அன்னைக்கு சாயங்காலம் சிகாகோ ஓஹேர்ல இறங்கப் போற புதுப் பையனுக்கும், அவனைக் கூட்டிட்டு வரவேண்டிய சீனியருக்கும். ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்கு அந்த மடல்லதான் போகணும்.

எங்க ஹோஸ்டிங்ல மணிக்கு 250 மடல்தான் வெளிய விடுவாங்க. 1600 போய் முடிய ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். ரெண்டு பேர் மடல் வரிசையோட வால்ல நிக்குது. பையன் அஞ்சரைக்கே இறங்கிட்டான். எட்டரைக்கு அவன் சங்கத்து முகவரிக்கு எழுதினதைப் பாத்துட்டு, நானே ரெண்டு மணி நேரம் பனியில ஓட்டிட்டுப் போனேன். "அண்ணா, இப்பத்தான் மெயில் வந்துச்சு"ன்னு போனைக் காட்டுறான். அஞ்சரை மணிக்கு சீனியர் வாசல்ல காத்திருப்பாராம். அவ்வ்வ்வ்...

சங்கத்துல எல்லாரும் ஹோஸ்டிங்காரனைத் திட்டினாங்க. "காசு கட்டி பெரிய பிளானுக்கு மாறு"ன்னாங்க. எனக்கு உடன்பாடில்லை. ஒரே சர்வர், ஒரே ஐ.பி.யில எத்தனையோ தளம் குடியிருக்கு. ஒருத்தன் குப்பையைக் கொட்டினா அந்த ஐ.பி. தடைப்பட்டியல்ல ஏறி எல்லார் மடலும் போச்சு. சாதா ஜிமெயில்லயே ஒரு நாளைக்கு 500 பேர்தான். சரி, இங்க அளவே இல்லைன்னு வைங்க, அந்தப் பக்கம் வாங்குற சர்வர் சும்மா இருக்குமா? திடுதிப்புன்னு குவிஞ்சா 4ல ஆரம்பிக்கிற எண்ணைக் குடுத்து 'அப்புறம் வா'ங்கும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில்காரங்களுக்கு ஒரு நாளைக்கு 5000க்கு மேல அனுப்புறவங்க எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூணும் வச்சிருக்கணும், ஒரே கிளிக்ல விலகவும் வழி தரணும்.

தப்பு என்னோடதுங்க. விழா அழைப்பு நாளைக்குப் போனா குடி முழுகாது. ஆள் நிக்கிற மடல் இப்பவே போகணும். ரெண்டையும் ஒரே வரிசையில விட்டது நான். இப்ப மொத்த மடலை மணிக்கு 200னு ராத்திரியில சொட்டுச் சொட்டா விடுறேன். மிச்சம் 50 எப்பவும் காலி, அவசரத்துக்கு. அப்புறம் லிஸ்ட்டையும் கூட்டிப் பெருக்கினேன். படிச்சு முடிச்சுப் போனவங்களோட செத்த முகவரி மட்டும் நானூத்திச் சொச்சம்! திரும்பி வர்ற மடலும் அந்த 250 கணக்குலதான் சேருது. மூணு வருசமா ஆளில்லாத வீட்டுக்கு அழைப்பு வச்சிருக்கோம்.

பி.கு: 1600 பேருக்கு அழைப்பு போன அந்தப் பொங்கலுக்கு வந்தது வழக்கம்போல அதே 90 பேர்தான். சக்கரைப் பொங்கல் மீந்து போச்சு.