மீன் தொட்டியும் 30 பி.பி.எம். மூடநம்பிக்கையும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் இந்தப் பக்கம் தலை காட்டலை. போன பதிவுல என் செடித் தொட்டி படத்தைப் போட்டதும் நாலஞ்சு பேர் தனிமடல்ல கேட்டது ஒரே கேள்விதான். "கேஸ் செட்டப் போடலாம்னு இருக்கேன், 30 பி.பி.எம். வர எத்தனை குமிழி விடணும்?" தனித்தனியா பதில் தட்டறதுக்குப் பதிலா மொத்தமா இங்கேயே கொட்டிடறேன்.

இந்தப் பக்கம் புதுசா வர்றவங்களுக்கு முதல்ல கொஞ்சம் முன்கதை. தண்ணிக்குள்ள வளர்ற செடிக்கும் கரியமிலவாயு வேணும். திறந்த தொட்டித் தண்ணியில காத்தோட சமநிலையில நிக்கறது லிட்டருக்கு அரை மில்லிகிராம் சொச்சம்தான். போதாக்குறைக்கு, இந்த வாயு தண்ணிக்குள்ள பரவற வேகம் காத்துல பரவறதை விட சுமார் 10,000 மடங்கு கம்மி. அதனாலதான் ஒரு சிலிண்டர், அழுத்தத்தைக் குறைக்க ரெகுலேட்டர், அளவைத் திருகி வைக்க நீடில் வால்வு, நேரத்துக்கு மூடித் திறக்க சோலனாய்டு, பொடிக் குமிழியா கரைக்க டிஃப்யூசர்னு இத்தனை பரிவாரம். இதைப் போட்டா செடி வளர்ற அழகே தனி. அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

என் சண்டையெல்லாம் அந்த 30 என்கிற எண்ணோடதான்.

லிட்டருக்கு 30 மில்லிகிராம் கேஸ் இருந்தா எந்தச் செடிக்கும் குறையில்லை, மீனும் தாங்கும்னு சொல்லிச் சொல்லி அது வேதவாக்காவே ஆயிடுச்சு. ஜப்பான்ல தகாஷி அமானோ 1982ல ஏ.டி.ஏ. கம்பெனியை ஆரம்பிச்சு வளர்த்த பாணி தொட்டிகளைப் பார்த்துதான் நம்மாளுங்க பாதிப் பேருக்கு இந்தக் கிறுக்கே பிடிச்சது (எனக்கும்தான்). ஆனா அந்த மாதிரி தொட்டிகள் சாதாரணமா 24, 25 டிகிரியில ஓடுறவை. சென்னையில மே மாசம் மத்தியானம் என் ரெண்டடி தொட்டியில தெர்மாமீட்டர் 31 காட்டும். இந்த ஆறு டிகிரி வித்தியாசத்தை யாருமே கணக்குல எடுக்கறதில்லை.

25 டிகிரி தண்ணி, முழுசா நிறைஞ்சா லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில அது 7.6 ஆயிடும். இன்னொரு பக்கம், சூடு ஏற ஏற மீனோட உடம்புக்கு ஆக்சிஜன் தேவை கூடும். வரவு குறையுது, செலவு ஏறுது. இந்த நேரத்துல தண்ணியில கரியமிலவாயுவை ஏத்தினா, மீன் தன் ரத்தத்துல இருக்கற அதே வாயுவை செவுள் வழியா வெளியே தள்ள முடியாமத் திணறும். ரத்தம் அமிலமாகி, ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கற சக்தியும் குறையும். அதாவது தண்ணியில ஆக்சிஜன் இருந்தாலும் மீனுக்கு மூச்சு முட்டும். மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதே, "பசிக்குது போல"ன்னு சாப்பாடு போடற புண்ணியவான்களும் இருக்காங்க. பசியில்லீங்க, அது உசுருக்குப் போராடுது.

இதுல எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் டெனிசன் பார்ப் விஷயம்தான். மிஸ் கேரளான்னு கடையில சொல்வாங்க. மேற்குத் தொடர்ச்சி மலையில வேகமா ஓடற, ஆக்சிஜன் நிறைஞ்ச ஓடைகள்ல வாழற மீன். அழிவின் விளிம்புல இருக்கற இனங்களோட பட்டியல்ல வேற இருக்கு. அதைக் கொண்டுவந்து, 31 டிகிரி தண்ணியில, மேற்பரப்பு அசைஞ்சா கேஸ் வீணாகும்னு ஃபில்டரைத் தாழ்த்தி வச்சு, 30 பி.பி.எம். ஏத்தி... படம் மட்டும் நல்லா வருது, என்னத்தச் சொல்ல.

அப்ப என்னதான் பண்றதுங்கறீங்களா? நான் 15ல நிறுத்தறேன். அதுக்கு முதல்ல குறைக்க வேண்டியது லைட்டு. லைட்டை ஏத்தினா செடியோட பசி ஏறும், கேஸ் ஏத்தணும், உரம் ஏத்தணும், ஒண்ணு தவறினாலும் பாசி பிடிக்கும். எல்.இ.டி.யோட வெளிச்சத்தைக் குறைச்சு, எரியற நேரத்தையும் 7 மணி நேரத்துக்குள்ள வச்சுக்கிட்டா 15 பி.பி.எம்.லயே ரொட்டாலா ரொட்டன்டிஃபோலியாவும் கிரிப்டோகொரைனும் அமோகமா வருது. கடுகு சைஸ் இலையில கம்பளம் விரிக்கற கியூபா செடி வேணும்னு அடம்பிடிச்சா கஷ்டம்தான். அதை விட்டுத்தள்ளுங்க. மலையில ஆப்பிள் விளையுதுன்னு மயிலாப்பூர்ல நடுவோமா?

15 இருக்குன்னு எப்படித் தெரியும்? குமிழியை எண்ணாதீங்க. ஒரு குமிழியோட சைஸ் கவுண்ட்டருக்குக் கவுண்ட்டர் மாறும், என் வீட்டு ரெண்டு குமிழி உங்க வீட்ல மூணா இருக்கலாம். டிராப் செக்கர்னு ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை உண்டு. அதுல கே.எச். 4 டிகிரி தண்ணியும் புரோமோதைமால் புளூ சாயமும் ஊத்தி தொட்டிக்குள்ள தொங்கவிட்டா, பச்சை நிறம் வர்ற இடம்தான் 30. கணக்கு இதுதான்: 3 பெருக்கல் கே.எச்., அதைப் பத்தின் (7 கழித்தல் பி.எச்.) அடுக்கால பெருக்கணும். கே.எச். 4, பி.எச். 6.6ன்னு போட்டுப் பாருங்க, 30 வரும். இப்ப கே.எச்.ஐ மட்டும் 2 ஆக்குங்க. அதே பச்சைக்கு 15 வருதா? ஆக, 4 டிகிரி தண்ணியில அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, சாயம் ஒரு சொட்டு கூட விட்டா போதும், பச்சைன்னா 15ன்னு அர்த்தம். மஞ்சள் பக்கம் போனா உடனே குறைச்சிடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நிறம் மாற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால திருகிட்டு உடனே பார்த்து மறுபடி திருகாதீங்க.

"15 போதும்னா ஈஸ்ட்டும் சர்க்கரையும் பாட்டில்ல போட்டுக்கறேனே, சிலிண்டர் எதுக்கு?" நியாயமான கேள்வி. ஈஸ்ட் முதல் ரெண்டு நாள் பொங்கும், ரெண்டு வாரத்துல படுத்துடும், ராத்திரி நிறுத்தவும் முடியாது. ஏறி இறங்கற கேஸுதான் பாசிக்கு விருந்து. சிலிண்டரோட உண்மையான லாபம் என்னன்னா, தாராளமா வீணடிக்கலாம். ஃபில்டர் வாயை மேல தூக்கி, தண்ணி நல்லா அலையடிக்கற மாதிரி வச்சுட்டு, போறது போகட்டும்னு கேஸை விடலாம். ஆக்சிஜன் உள்ள வரும், கேஸும் ஒரே அளவுல நிக்கும். இந்த மொத்த செட்டப்லயே மலிவான சமாச்சாரம் கேஸுதான். அதைச் சேமிக்கறேன்னு மீனைக் கொல்றது எந்த ஊர் பொருளாதாரம்?

காசைக் கொட்ட வேண்டிய இடம் ரெகுலேட்டர். சிலிண்டருக்குள்ள திரவமா இருக்கறவரைக்கும் அழுத்தம் மாறாது. திரவம் தீர்ந்ததும் அழுத்தம் சரிய ஆரம்பிக்கும். அப்ப ஒற்றை நிலை ரெகுலேட்டர்ல வெளியே வர்ற அழுத்தம் ஏறும், மட்டமான நீடில் வால்வா இருந்தா குமிழி பிச்சுக்கிட்டுக் கொட்டும். என் நண்பன் ஒருத்தன் சோலனாய்டு இல்லாத மலிவு ரெகுலேட்டர் வாங்கி மாட்டியிருந்தான். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து பார்த்தா 20 கார்டினல் டெட்ராவும் மேல மிதக்குது. முந்தின நாள் ராத்திரி கேஸ் தீர்ற நேரம். அவன் பொண்ணு, யூ.கே.ஜி. படிக்குது, ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சிருந்தது. அதுக்கு என்ன சொல்லிச் சமாளிக்கறதுன்னு என்கிட்ட போன் பண்ணிக் கேட்டான். எனக்கும் தெரியலை. ரெட்டை நிலை ரெகுலேட்டர் கிடைச்சா சந்தோஷம், இல்லைன்னா சிலிண்டரை மாசாமாசம் எடை போடுங்க. அழுத்தமானி எவ்வளவு பாக்கின்னு காட்டாது, எடைதான் காட்டும்.

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே இன்னொண்ணு. கரென்ட் போனா சோலனாய்டு தானா மூடிக்கும், நல்ல விஷயம். ஆனா சோலனாய்டு இன்வெர்ட்டர் லைன்லயும் ஃபில்டர் சாதா லைன்லயும் இருந்தா? ஃபில்டர் நின்னு போயிருக்கும், கேஸ் ஜாம் ஜாம்னு போய்க்கிட்டிருக்கும். ரெண்டும் ஒரே லைன்ல இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

சிலிண்டரை ஏ.சி. போட்டு மூடற பெட்ரூம்ல வைக்காதீங்க. 2 கிலோ கேஸ் விரிஞ்சா ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். 10க்கு 12 ரூம், 10 அடி உயரம்னா 34 கன மீட்டர். மொத்தமும் கசிஞ்சா அறைக்காத்துல 3 சதவீதத்தைத் தாண்டுது. அமெரிக்காவுல வேலையிடங்களுக்கு வச்சிருக்கற 15 நிமிஷ வரம்பே 3தான், 4 உயிருக்கு ஆபத்துன்னு குறிச்சிருக்காங்க. 5 கிலோ சிலிண்டர்னா 8 சதவீதம். காத்தை விடக் கனமான வாயு வேற, தரையில பாய் போட்டுப் படுக்கற வீடுங்க நம்மளுது. பால்கனி வெயிலும் ஆகாது. 31 டிகிரிக்கு மேல உள்ள திரவம்னு ஒண்ணே கிடையாது, அழுத்தம் விறுவிறுன்னு ஏறும். ஆசைக்கு ஓவரா நிரப்பி வாங்கியிருந்தா பாதுகாப்புத் தகடு பிச்சுக்கும். தீயணைப்பான் சிலிண்டரை மாத்தி மாட்டறவங்க கவனிக்க: அதுல அடிவரைக்கும் ஒரு குழாய் போகும், அதை எடுக்காம மாட்டினா ரெகுலேட்டருக்குள்ள திரவமே பாயும்.

இவ்வளவு படிச்சிட்டு "வேணாம்டா சாமி"ன்னு தோணுதா? தப்பேயில்ல. டயானா வால்ஸ்டாட் 1999லயே புத்தகம் போட்டு, மண்ணை அடியில கொட்டி, கேஸே இல்லாம தொட்டி நடத்தலாம்னு காட்டிட்டாங்க. அதோட, ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் கடினத் தண்ணியில இருக்கற பைகார்பனேட்ல இருந்தே கார்பனை எடுத்துக்கும். நாம திட்டித் தீர்க்கற போர்வெல் தண்ணி அதுங்களுக்கு அமிர்தம் :-)

சிறுவாணி குடிக்கற கோயம்புத்தூர் மக்கா, உங்க குழாய்த் தண்ணிக்கு கே.எச். எவ்வளவுன்னு யாராவது டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்களேன். அங்க வெயிலும் கம்மி. உங்களுக்கு 20 வரைக்கும் போகலாமான்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.