கடையும் அவனே, கல்லாவும் அவனே, காவலும் அவனே!

"பிள்ளை கம்ப்யூட்டர் படித்துவிட்டான். இனி அவனுக்கு மேஸ்திரியும் இல்லை, முதலாளியும் இல்லை. சொந்தமாக மென்பொருள் எழுதி உலகத்துக்கே விற்பான்!" பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் இன்று அடிக்கடி கேட்கும் பேச்சு இது. காதுக்கு இனிக்கிறது. ஆனால் இதில் பாதிதான் உண்மை.

முதலாளி இல்லாமல் மென்பொருள் எழுதலாம். அது உண்மை. ஆலை வேண்டாம், கிடங்கு வேண்டாம், லாரி வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரும் இரவு பகல் பாராத உழைப்பும் போதும். ஆனால் எழுதியதை விற்றாக வேண்டுமே! அங்கேதான் வழிமறித்து நிற்கிறான் தரகன்.

தரகனை நமக்குப் புதிதாக யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் தலையை எண்ணிக் காசு வாங்கினான் கங்காணி. கட்டட வேலையில் கூலியில் கைவைக்கும் மேஸ்திரியை இன்றும் பார்க்கிறோம். இப்போது வந்திருக்கும் கங்காணிக்குத் தலைப்பாகை இல்லை, கைத்தடி இல்லை. அவன் நம் சட்டைப் பையிலேயே, கைபேசிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். ஆள் மாறினான்; கணக்கு மாறவில்லை.

முப்பது காசுக் கணக்கு

2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஏறத்தாழ 500 செயலிகளோடு தன் கடையைத் திறந்தது. விற்கும் ஒவ்வொரு ரூபாயிலும் எழுதியவனுக்கு 70 காசு, கடைக்கு 30 காசு என்று பங்கு பிரித்தது. கூகுள் கடையிலும் அதே 30தான் வழக்கமாயிற்று. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடையிலும் அதே 30.

2018இல் ஸ்டீம் ஒரு சலுகை அறிவித்தது. யாருக்கு? ஒரு கோடி டாலருக்கு மேல் விற்கும் விளையாட்டுக்குத் தரகு 25 விழுக்காடு. ஐந்து கோடி டாலரைத் தாண்டினால் 20. ஆயிரம் டாலர் விற்கத் தவிக்கும் சிறியவனுக்கோ அதே 30! கொழுத்தவனுக்குத் தள்ளுபடி, இளைத்தவனுக்கு முழு வரி. இதற்குப் பெயர் வணிக நீதியாம்.

2021இல் ஆப்பிளும் கூகுளும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை விற்கும் சிறியவர்களுக்குத் தரகை 15 ஆகக் குறைத்தன. மனம் இளகியா குறைத்தன? இல்லை. 2020 ஆகஸ்டில் எபிக் என்ற விளையாட்டு நிறுவனம் இரண்டின் மீதும் வழக்குத் தொடுத்தது. பல நாட்டு அரசுகள் விசாரணையில் இறங்கின. அதன் பிறகுதான் இந்தத் தாராளம் பிறந்தது. தட்டாமல் எந்தக் கதவும் திறப்பதில்லை.

15 தானே, போகட்டும் என்று சிலர் சொல்லலாம். ஆண்டு முழுவதும் உழைத்து 2 லட்சம் ரூபாய்க்கு விற்கும் பிள்ளையின் கையிலிருந்து 30 ஆயிரம் ரூபாய் போகிறது. ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் நம் குடும்பத்துக்கு அது எத்தனை மாத வாடகை என்று தாய்மார்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

வாடகை கேட்பது குற்றமா?

"கடை வைத்தவன் வாடகை வாங்க மாட்டானா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நேராகவே பதில் சொல்வோம். கடையால் பயன் உண்டு. ஒரு சிற்றூர்ப் பிள்ளை எழுதிய செயலியைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோகிறது. பணம் வாங்கித் தருகிறது. களவுச் செயலிகளை ஓரளவு வடிகட்டுகிறது. அதற்குக் கூலி கேட்டால் கொடுக்கலாம். வாடகையை நாம் எதிர்க்கவில்லை. தெருவுக்கு ஒரே வாசல் வைத்து, அந்த வாசலுக்குப் பூட்டும் போட்டுக்கொண்டு, அதன் பிறகு வாடகை கேட்பதைத்தான் எதிர்க்கிறோம்.

வேறு வாசல் இருக்கும் இடத்தில் தரகு தானே இறங்குகிறது. 2018 டிசம்பரில் எபிக் கடை 12 விழுக்காட்டோடு வந்தது. சிறு விளையாட்டுகள் எழுதுவோர் பலர் கூடும் இட்ச் என்ற கடை, தனக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுதியவனே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறது. ஆகவே முப்பது என்பது இயற்கை விதியன்று, ஏகபோகத்தின் விலை.

நம் நாட்டில் பத்துக் கைபேசிகளில் ஒன்பதுக்கு மேல் கூகுளின் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. அந்தக் கைபேசிகளுக்குக் கடை கூகுளுடையது. விற்ற பணத்தைத் தன் கல்லாவிலேயே போட வேண்டும் என்றது கூகுள். யார் உள்ளே வரலாம், யார் வெளியே போக வேண்டும் என்று சொல்லும் காவலும் அதன் கையில். கடை, கல்லா, காவல் மூன்றும் ஒருவன் கையில் இருந்தால் அது சந்தையா, சமஸ்தானமா?

2024 மார்ச்சில் நடந்தது

இது வெறும் வாய்ப்பேச்சு அன்று. 2022 அக்டோபர் 25இல், செயலி எழுதுவோரைத் தன் கல்லாவையே பயன்படுத்தக் கட்டாயப்படுத்தியது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகும் என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் என்ன செய்தது? வேறு கல்லாவையும் வைத்துக்கொள்ளலாம் என்றது. அப்படிச் செலுத்தப்படும் பணத்தில் தரகை 4 விழுக்காடு மட்டும் குறைத்தது. 15 கொடுத்தவன் 11 கொடுக்க வேண்டும்; 30 கொடுத்தவன் 26. பணம் அந்தக் கல்லாவைத் தொடவே இல்லை, ஆனாலும் பங்கு உண்டு! 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த அபராதத்தையும் ஏறத்தாழ 217 கோடியாகக் குறைத்துவிட்டது.

இடையில் இந்திய நிறுவனங்கள் சில சென்னை உயர் நீதிமன்றம் சென்றன, தோற்றன. உச்ச நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் இடைக்காலத் தடை தரவில்லை. மார்ச் 1ஆம் நாள், கட்டணம் செலுத்தவில்லை என்று சொல்லிப் பல இந்தியச் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து தூக்கி எறிந்தது. சென்னையிலிருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனி அதில் ஒன்று. அதே நிறுவனம் எளிய மக்களின் திருமணத்துக்காக நடத்தும் ஜோடி என்ற செயலியும் போயிற்று. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் ஏழைத் தகப்பன் அதை இறக்கிக்கொள்ள முடியாமல் ஒரே நாளில் வாசல் அடைபட்டது. ஒன்றிய அமைச்சர் தலையிட்ட பிறகு, சில நாளில் அவற்றைத் திரும்ப வைக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது.

பெரிய நிறுவனங்களுக்கு வக்கீல் இருந்தார், அமைச்சர் இருந்தார். நம் தெருவில் ஒற்றை ஆளாய்ச் செயலி எழுதும் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? அவளுடைய செயலியை நீக்கினால், இயந்திரம் எழுதிய நான்கு வரிக் கடிதம் வரும். முறையிட்டால் இன்னொரு இயந்திரக் கடிதம் வந்தாலும் வியப்பில்லை. மேஸ்திரியின் முகத்தையாவது பார்த்துச் சண்டை போடலாம். இவனுக்கு முகமே இல்லை.

வாசல் மேலும் குறுகுகிறது. 2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு புதுச் சட்டம் அறிவித்தது. தன்னிடம் பெயரும் அடையாளமும் பதியாதவர் எழுதிய செயலி, கடைக்கு வெளியே வாங்கினாலும், தன் சான்று பெற்ற கைபேசிகளில் ஏறாது என்றது. 2026 செப்டம்பரில் நான்கு நாடுகளில் தொடங்கிப் பிறகு உலகெங்கும் விரிக்கப்போவதாகச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் நவம்பரிலேயே, விவரமறிந்தவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்று சற்று இறங்கிவந்தது. எதிர்ப்புக்கு வலு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நாம் கேட்பது என்ன?

ஒன்று: விற்ற பணத்தை எந்தக் கல்லாவிலும் வாங்கும் உரிமை வேண்டும், தொடாத பணத்துக்குத் தரகு கூடாது. தென்கொரியா 2021இலேயே, கட்டாயக் கல்லாவைத் தடுக்கும் சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து, ஆப்பிள் கைபேசியிலும் வேறு கடைகளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. இந்தியாவில் 2024 மார்ச்சில் வெளியிட்ட டிஜிட்டல் போட்டி மசோதா வரைவு, வரைவாகவே தூங்கக் கூடாது.

இரண்டு: காரணம் சொல்லாமல், அவகாசம் தராமல், மனிதர் ஒருவர் விசாரிக்காமல் எந்தச் செயலியையும் நீக்கக் கூடாது. ஆலையில் ஒரு தொழிலாளியை நீக்கவே விசாரணை வேண்டும் என்று போராடி வாங்கினோமே, அந்த நீதி இங்கேயும் வேண்டும்.

மூன்று: பொதுச் சொத்தாக ஒரு வழி வேண்டும். யு.பி.ஐ. இருக்கிறது. நாம் ஊருக்கு 100 ரூபாய் அனுப்பினால் 100 ரூபாயாகப் போய்ச் சேர்கிறது. அதில் வணிகரிடம் வங்கி தரகு பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் விதி. பணம் போக அப்படி ஒரு பொதுச்சாலை போட முடிந்த நாட்டால், மென்பொருள் விற்க ஒரு பொதுச்சந்தை போட முடியாதா?

அரசை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவும் சொல்லவில்லை. தம்பிகளே, தங்கைகளே! ஒரே கடையில் எல்லாச் சரக்கையும் வைக்காதீர்கள். வாங்குவோரின் முகவரியை, அவர்கள் சம்மதத்தோடு, உங்கள் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையானாலும் பொடி எழுத்தைப் படியுங்கள். கம்ரோட் என்ற விற்பனைத் தளத்தின் 2025ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்: பத்து விழுக்காடும் அதன் மேல் 50 சென்ட்டும். பத்து டாலர் பொருளுக்கு ஒன்றரை டாலர் போகும். ஒரு டாலர் பொருளுக்கோ 60 சென்ட் போய்விடும்! மலிவாக விற்பவன்தான் அதிகம் இழக்கிறான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக நிற்காதீர்கள். கூலிக்கு வந்த நம் பெற்றோர் சங்கம் வைத்ததால்தான் மேஸ்திரியிடம் கணக்குக் கேட்க முடிந்தது. மூளையால் உழைப்பவனும் உழைப்பாளிதான். அவன் வியர்வை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. செயலி எழுதும் பிள்ளைகள் சங்கக் கிளைகளுக்கு வரட்டும். பெரியவர்கள் "நமக்குப் புரியாத சங்கதி" என்று ஒதுங்காமல் உட்கார்ந்து கேட்கட்டும். தரகு என்றால் என்னவென்று நம்மைவிட நன்றாகப் புரிந்தவர்கள் யார்?

உழைப்பு நம்முடையது. கணக்குக் கேட்போம்!