தானாக இணையும் கைப்பேசி: நாம் விழித்திருக்கிறோமா?



வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் மாமாக் கடையில் ஒரு தே தாரேக் குடிக்க உட்காருகிறீர்கள். சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியை நீங்கள் தொடவே இல்லை. ஆனால் அதற்குள் அது கடையின் வைஃபையில் இணைந்துவிட்டது. வாட்ஸ்அப் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. என்றோ ஒரு நாள் நீங்கள் இணைத்ததை அது மறக்கவில்லை. வசதிதான்! ஆனால் அந்த வசதிக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது.

கைப்பேசி கடைக்காரரின் முகத்தை நினைவில் வைப்பதில்லை. வைஃபையின் பெயரைத்தான் வைத்திருக்கிறது. கடவுச்சொல் இல்லாத இலவச வைஃபை என்றால், அதே பெயரில் வேறு எவர் அலை பரப்பினாலும் 'தெரிந்த இடம்தான்' என்று நம்பி ஒட்டிக்கொள்ளும். அது கடையின் கருவியா, பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவன் பையில் உள்ள கருவியா என்று அதற்குத் தெரியாது. கடவுச்சொல் உள்ள வைஃபைக்குப் போலி செய்ய வேண்டுமானால் அந்தக் கடவுச்சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். கல்லாவுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் யாருக்குத்தான் தெரியாது?

இன்னொன்றும் கேளுங்கள். பழைய கைப்பேசிகள் தமக்குத் தெரிந்த வைஃபை பெயர்களை ஒவ்வொன்றாக அலையில் கூப்பிட்டுத் தேடும். நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள், எந்த அலுவலகத்துக்குப் போய் வருகிறீர்கள் என்பதை அந்தப் பெயர்களே காட்டிக்கொடுத்துவிடும். புதிய கைப்பேசிகளில் இது பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் நம் வீடுகளில் அண்ணனின் பழைய கைப்பேசிதானே அம்மாவுக்கும் தம்பிக்கும் போய்ச் சேருகிறது?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஆஸ்திரேலியாவில் விமான நிலையங்களிலும் விமானங்களிலும் இப்படிப் போலி வைஃபை பரப்பியதாக 2024-ல் பெர்த் நகர ஆடவர் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இணைந்தவர்களைப் போலிப் பக்கத்துக்கு இழுத்து, மின்னஞ்சல், சமூக ஊடகக் கடவுச்சொற்களைக் கேட்டுத் திருடுவதே வழி. 2025 நவம்பரில் அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது.

போலி வைஃபையில் இணைந்த உடனே வங்கிப் பணம் போய்விடும் என்று சிலர் வாட்ஸ்அப்பில் பரப்புவது சரியல்ல. வங்கிச் செயலிகள் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. திருடன் அந்தப் பூட்டை உடைப்பதில்லை, உங்களையே திறக்க வைக்கிறான். 'இலவச இணையம் வேண்டுமா? ஃபேஸ்புக் கடவுச்சொல்லைப் போடு, அடையாள அட்டை எண்ணைப் போடு, வங்கிக் கணக்கை உறுதி செய்' என்று ஒரு பக்கம் வரும். நாம் போட்டுவிடுகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

'இலவச வைஃபையைப் பயன்படுத்தாதே' என்று அறிவுரை சொல்வது எளிது. மாதக் கடைசியில் டாப் அப் செய்யப் பணமில்லாதவனிடம் அதைச் சொல்லிப் பயன் என்ன? 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது ஒரே கைப்பேசியில் மாறி மாறிப் பாடம் படித்தவர்கள் நம் பிள்ளைகள். இணையம் தேவை. அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் அறிவும் தேவை.

ஆகவே இன்று இரவே வீட்டில் எல்லாக் கைப்பேசிகளையும் மேசை மீது வையுங்கள். செட்டிங்ஸில் வைஃபை பட்டியலைத் திறந்து, இனி தேவைப்படாத பெயர்களை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்குங்கள். தேவைப்படும் கடை வைஃபைக்கு 'ஆட்டோ ஜோயின்' அல்லது 'ஆட்டோ ரீகனெக்ட்' என்பதை அணையுங்கள். வீட்டு வைஃபை மட்டும் தானாக இணையட்டும். அதன் பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். மறைத்தால் உங்கள் கைப்பேசி போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைக் கூப்பிட்டுத் தேடும். வெளியே கிளம்பும்போது வைஃபையை அணையுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸுக்குள் போய் அணைக்க வேண்டும். திரையில் இழுத்துத் தொடும் பொத்தான் அதை மறுநாள் வரைதான் துண்டிக்கும். பணம் அனுப்புவதை சொந்த டேட்டாவில் செய்யுங்கள். வைஃபை கொடுக்கும் எந்தப் பக்கத்திலும் கடவுச்சொல், அடையாள அட்டை எண், டிஏசி எண் எதையும் போடாதீர்கள்.

ஏமாந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கும், 2022-ல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி பதில் மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள். போலீஸ் புகாரும் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கே லாபம்.

ஒரு கேள்வியும் கேட்டாக வேண்டும். தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய நம் தாய்மார்கள், மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் எச்சரிக்கையை எப்படிப் படிப்பார்கள்? அவர்களிடமும் கட்டணம் வாங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் வங்கிகளும் தமிழிலும் எச்சரிக்கை தரவேண்டும். இது சலுகை அல்ல, உரிமை! அது வரும்வரை நாம் சும்மா இருக்கவும் கூடாது. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா?

2007 நவம்பர் 25-ல் நாம் கோலாலம்பூரில் திரண்டபோது, குறுஞ்செய்தியாகச் செய்தியைக் கொண்டு சேர்த்தது இதே கைப்பேசிதான். நம் குரலைச் சுமந்த கருவி இன்று நம் சேமிப்பையும் சுமக்கிறது. அதை யார் கூப்பிட்டாலும் பின்னால் போகும்படி விட்டுவைக்கலாமா?

படித்தவர்கள் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் பாட்டிக்குச் செய்து கொடுங்கள். விழித்துக்கொள்வோம்!

- ஆசிரியர்