கேட்டுவிட்டுப் பேசும் பெட்டி

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்தும் என் மைத்துனர் சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷனை அனுப்பினார். ஆறு கணினிகள், ஒரு வைஃபை 7 ரூட்டர். வரியோடு சேர்த்து ரூ.3,40,000. கூடவே ஒரு குரல் பதிவு: "மாமா, விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சாமுங்க. எல்லாத்தையும் மாத்தியே ஆகோணும்ங்கறாங்க. நெட்டும் பதினோரு மணிக்கு மேல சுத்திக்கிட்டே இருக்குதுங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, திங்கக்கிழமை அட்வான்ஸ் குடுக்கோணும்."

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. எந்த மேசையில் என்ன வேலை நடக்கிறது என்று அதை எழுதியவர் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள் என்று இந்தப் பத்தியில் இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிய வாரத்திலும் எழுதினேன், போர்வெல் மோட்டார் பற்றிய வாரத்திலும் எழுதினேன். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது மனப்பாடம். ஆனாலும் மறுபடி எழுதுகிறேன். சிறு தொழில் செய்பவர்களின் பணம் இந்த வழியில்தான் கரைகிறது.

கணினி விஷயத்தில் சொல்லப்பட்டது பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. நிறுவனங்கள் பணம் கட்டினால் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் நீட்டித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் இரட்டிப்பாகும். விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்க வேண்டும். பிராசஸரும் மிகப் பழையதாக இருக்கக் கூடாது. ஆகவே முதல் வேலை, ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுவது: எந்தக் கணினி, வாங்கிய வருடம், அதில் நடக்கும் வேலை, அது ஒருநாள் நின்றால் எவ்வளவு நஷ்டம். மைத்துனரை அப்படி எழுதச் சொன்னேன். ஆறில் நான்கு கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியும், பேக்கிங் லிஸ்ட் போடும் கணினியும் மட்டும் உடனே மாற வேண்டும்.

இதைத்தான் விரிவாக எழுத நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த அலுவலகத்துக்கு நேரில் போய்வந்த பிறகு மனம் முழுக்க ரூட்டர்தான் இருக்கிறது.

நான் எதிர்பார்த்த இடத்திலேயே அது இருந்தது. வாசலை ஒட்டிய மூலையில், ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால். நம் ஊரில் ஃபைபர் இழுக்க வருகிறவர் கம்பி எங்கே உள்ளே நுழைகிறதோ அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறைக்கு மூன்று பிளக் பாயின்ட் வைக்கிறார்கள். நடுக்கூடத்துக்கு நெட் கேபிள் போக ஒரு பைப் பதிப்பதில்லை. கட்டும்போதே செய்தால், சுவர் உடைக்காமல் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அது. இரும்பு பீரோ அலையைத் திருப்பி அடிக்கும். கான்கிரீட் சுவர் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு உறிஞ்சிக்கொள்ளும். நடுவீட்டில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைத்தால் பாதி வீடுகளில் புதுப் பெட்டியே தேவைப்படாது. செருப்பு அலமாரிக்குள் ரூட்டர் வைத்த வீடுகளைப் பற்றி நான் எழுதியபோது வந்த கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நான் ஓயப்போவதில்லை.

பெட்டியை நடுவுக்குக் கொண்டுவந்தோம். சிக்னல் கோடுகள் நிரம்பின. ஆனாலும் நெட் இழுத்தது. கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுச் சுற்றிலும் யார் யார் அலை வருகிறது என்று பார்த்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் 23 பெயர்கள். அந்த மூன்று தளக் கட்டடத்தில் இருக்கும் அத்தனை அலுவலகங்களும், எதிர்ச் சந்துக் கடைகளும் ஒரே காற்றில் பேசிக்கொண்டிருந்தன.

அந்தக் காற்றின் கதை ஹவாயில் தொடங்குகிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் பல தீவுகளில் இருந்தன. பெரிய கணினியோ ஹொனலுலுவில். தொலைபேசிக் கம்பி வழியே அதை எட்டுவது செலவு பிடித்தது, நம்பவும் முடியவில்லை. நார்மன் ஆப்ரம்சனும் அவருடைய சகாக்களும் 1971-இல் வானொலி அலையைக் கையில் எடுத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். எல்லா முனையங்களுக்கும் ஒரே அலைவரிசை. யாருக்கு எப்போது நேரம் என்று பிரித்துக்கொடுக்க ஆள் கிடையாது. சொல்ல இருப்பதைச் சொல். கிடைத்தது என்று பதில் வராவிட்டால் யாரோ ஒருவரோடு மோதிவிட்டாய் என்று பொருள். மனம்போன கணக்கில் சற்று நேரம் பொறுத்து மறுபடி சொல். இவ்வளவுதான் விதி. இருவரும் ஒரே அளவு பொறுத்தால் மறுபடி மோதுவார்கள் என்பதால்தான் அந்தப் பொறுமைக்கு ஒழுங்கில்லாத அளவு. கணக்குப்படி இந்த முறையில் அலைவரிசையின் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும். ஆனால் அந்த 18 சதவீதத்தை யாருடைய அதிகாரமும் இல்லாமல் பங்குபோட முடிந்தது.

ஆப்ரம்சனின் கட்டுரையைப் படித்த பாப் மெட்காஃப், 1973-இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஈதர்நெட்டை உருவாக்கியபோது இன்னொரு பண்பைச் சேர்த்தார்: பேசும் முன் கேள். 1997-இல் வந்த முதல் வைஃபை தரநிர்ணயம் அதையும் தாண்டியது. கம்பியில் பேசிக்கொண்டே மோதலைக் கண்டுகொள்ளலாம். காற்றில் தன் குரலே தன் காதை அடைத்துவிடும். அதனால் நம் வீட்டுப் பெட்டி முதலில் கேட்கிறது. அமைதி என்றால் 0 முதல் 15 வரை ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, எண்ணுக்கு 9 மைக்ரோநொடி வீதம் காத்திருக்கிறது. மோதிவிட்டால் 31 வரை, அப்புறம் 63 வரை என்று தன் பொறுமையைத்தான் கூட்டிக்கொள்கிறது, குரலைக் கூட்டுவதில்லை. இதை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு நாகரிகமான ஒரு பொருள் வீட்டுக்குள் இருக்கிறதே என்று மகிழ்ச்சி.

அந்த நாகரிகம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. 2.4-இல் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒவ்வொரு பேச்சுக்கும் வேண்டிய அகலமோ சுமார் 20. ஒன்றையொன்று உரசாமல் இருப்பவை 1, 6, 11 மட்டுமே. ஒரே சேனலில் இருப்பவர்களுக்கு ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும், வழிவிடுவார்கள். 3-இலும் 4-இலும் 8-இலும் அரைகுறையாக உரசுகிறவர்களின் பேச்சு அடுத்தவருக்கு வெறும் இரைச்சல். அங்கே யாரும் யாருக்கும் வழிவிட முடியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரூட்டரும் இந்த இரைச்சலில் மாட்டிக்கொள்ளும். அது உரக்கப் பேசினாலும் எதிர்முனையில் பதில் சொல்லும் கைப்பேசியின் குரல் சிறியதுதானே.

மைத்துனரிடம், "மாப்ள, புதுப் பெட்டி வேண்டாம். பக்கத்து ஆபீஸ்காரங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றேன்.

ஆடிட்டர் அலுவலகத்துக்காரர் வந்தார், நூல் ஏஜென்ட் வந்தார், கூரியர் கடைத் தம்பி வந்தார், லேபிள் அச்சடிப்பவர் வந்தார். மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி பேசினோம். கீழ்த்தளம் 1, முதல் மாடி 6, இரண்டாம் மாடி 11. எல்லாரும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். கைப்பேசிகள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறின. மைத்துனரின் பழைய பெட்டியிலேயே அது இருந்தது, யாரும் தொடவில்லை. இடம்விட்டு நகராத ஆறு கணினிகளையும் பிரிண்டரையும் கேபிளுக்கு மாற்றி, காற்றை நகர்கிறவர்களுக்கு விட்டுக்கொடுத்தோம். எட்டு போர்ட் சுவிட்ச், கேபிள், கூலி எல்லாம் ரூ.5,000-க்குள்.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மைத்துனர் கூப்பிட்டார். நெட் இழுக்கவில்லை. அதைவிட அவர் அடுத்துச் சொன்னதில்தான் எனக்குச் சந்தோஷம். கீழே இ.பி. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கூரியர் தம்பி ஒரு தாள் ஒட்டியிருக்கிறாராம். மாடிவாரியாக மூன்று எண்கள், அதன் அடியில், "புதுசா வர்றவங்க ரூட்டர் மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க."